நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடிய மிஷின்

அவிநாசி
6 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஹிபா அவர்களுக்கு,

நான் அன்புச்செல்வி. அவிநாசி பார்வையற்றோர் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். போன ஏப்ரல் வரை சனி, ஞாயிறு தவறாமல் இங்கே வந்துகொண்டிருந்தவர் நீங்கள். அதனால் நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் வைத்துவிட்டுப் போன பாடப்புத்தக மிஷின் கிளம்ப மாட்டேன் என்கிறது. முதல் தேதி மதியம் கரண்ட் போனது. யு.பி.எஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிட்டது. அதன்பின் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது, மறுபடி முதலிலிருந்து சுற்றுகிறது. ஐந்து நாளாக இதுதான் கதை.

சரவணம்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். மூடியைத் திறந்தார், உடனே மூடினார். "ஏனுங்க டீச்சர், இது நாங்க பாக்கற மாதிரி சர்வரே இல்லீங்களே. போன்ல இருக்கற சிப்பைப் பெருசு பண்ணி வெச்சாப்ல இருக்குதுங்க. இதை யாருங்க கொண்டாந்து குடுத்தாங்க?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மிஷினுக்குள் மூவாயிரத்து நூறு மணி நேரம் படித்துப் பதிவு செய்த பாடங்கள் இருக்கின்றன. வேறு பிரதி எடுக்கும் வேலையை "அடுத்த மாசம் பண்ணிடலாம்க்கா" என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிரெயிலில் எங்களிடம் பாதிப் பாடம்கூட இல்லை. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். டிசம்பர் பத்தாம் தேதி அரையாண்டுத் தேர்வு. இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் சரியாகாவிட்டால் மிஷினை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் செயலாளர்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி


தைபே
7 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

"மதிப்பிற்குரிய", "நீங்கள்". இரண்டையும் ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சரி, எனக்கு வேண்டியதுதான்.

போன் பண்ணலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் ஏப்ரலில் பஸ் ஸ்டாண்டில் சத்தம் போட்டுக்கொண்டது போல ஆகிவிடும். எழுத்தே போதும் அக்கா. நீங்கள் எழுதுங்கள், நான் அன்றைக்கே பதில் போடுகிறேன்.

முதலில் ஒன்று: யாரும் டிஸ்குகளைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்க வேண்டாம். அவற்றில் இருப்பதெல்லாம் பூட்டிய எழுத்து, அந்தப் பூட்டின் சாவி மிஷினின் மெயின் போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கிறது. போர்டு போனால் நான்கு டிஸ்கும் வெறும் தகடு. எங்கள் பழைய கம்பெனி மூடும்போது அந்த மிஷினைத் தானமாகக் கொடுத்தார்கள். அதே மாதிரி இன்னொன்று நம் பக்கத்தில் எங்கும் கிடையாது.

வாட்ச்மேன் காளிச்சாமி அண்ணாவை மிஷினுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, எந்த விளக்கு எரிகிறது, என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். யு.பி.எஸ்ஸும் சேர்ந்து போயிற்று என்றால் பெரிய மின்னழுத்தம் ஏதாவது வந்திருக்கும். எனக்கு அதுதான் பயம்.

சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

ஹிபா


அவிநாசி
10 அக்டோபர் 2025

ஹிபா,

சாப்பிட்டேன்.

காளிச்சாமி பார்த்தார். "பச்சை மாதிரியும் இருக்குதுங்க, மஞ்சள் மாதிரியும் இருக்குதுங்க" என்றார். அவருக்குக் கண்புரை இருப்பது உனக்குத் தெரியாது. பள்ளியில் கண் தெரிகிற ஆள் வேண்டுமென்று நீ பொறுக்கி எடுத்த ஆள் அவர்.

நான் என் வழியில் பார்த்தேன். பட்டனை அழுத்தியதும் எல்லா விசிறியும் கத்துகின்றன. ஒன்பதாவது விநாடியில் சத்தம் சட்டென்று இறங்குகிறது. நாற்பத்தொன்றாவது விநாடியில் ஒரு சின்ன 'டிக்'. மறுபடி கத்தல். முப்பது முறை கேட்டேன். ஒரு விநாடிகூட மாறவில்லை. 'உங்களுக்குக் காது கூர்மை' என்று மட்டும் எழுதிவிடாதே. கையில் பேசும் கடிகாரம் இருக்கிறது, எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

அன்புச்செல்வி


தைபே
11 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

நீ என்று எழுதிவிட்டீர்கள்! அதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

நாற்பத்தொன்று என்பது பெரிய துப்பு. உயிரே இல்லாத போர்டு இப்படிக் கணக்காக நடந்துகொள்ளாது. முதலில் போர்டு தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. அதுதான் ஒன்பது விநாடி. பிறகு கெர்னலை, அதாவது மொத்த மிஷினையும் நடத்தும் மூல நிரலை, எடுத்து ஓடவிடுகிறது. கெர்னல் எங்கேயோ தடுக்கி விழுந்து, பத்து விநாடி காத்திருந்து, தானே மறுபடி தொடங்குகிறது. எங்கே தடுக்குகிறது என்று அது சொல்லிக்கொண்டேதான் விழும். நாம்தான் கேட்கவில்லை.

அதைக் கேட்க ஒரு கேபிள் வேண்டும். ஒரு முனை மிஷினின் பின்னால், மறுமுனை லேப்டாப்பில். அந்த கேபிள் கோட்டைமேட்டில் எங்கள் வீட்டு பீரோவில், என் காலேஜ் சர்டிபிகேட்டுக்குக் கீழே இருக்கிறது. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், யார் மூலமாவது கொடுத்தனுப்புவார்கள். வந்ததும் காளிச்சாமி அண்ணாவை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, கடைசியாக வரும் ஐம்பது வரிகளை எனக்கு

இல்லை. அந்த வரியை அழிக்காமலே விடுகிறேன். எப்படி யோசிக்கிறேன் என்று எனக்கே தெரியட்டும். நீங்கள் எப்படிச் செய்ய நினைக்கிறீர்களோ அப்படிச் செய்யுங்கள் அக்கா.

ஹிபா


அவிநாசி
17 அக்டோபர் 2025

ஹிபா,

கேபிளை உன் அம்மா யார் மூலமும் அனுப்பவில்லை. தானே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கூடவே தூக்குப்போசி நிறைய நெய்ச்சோறு. "எம் மக உங்க கிட்ட ஏதோ மரியாதை தப்பிப் பேசிப்போட்டாளாம். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டீங்கறா. எதா இருந்தாலும் பொறுத்துக்குங்க கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடம் நான் என்ன கோபத்தைக் காட்டுவது? சோறு நன்றாக இருந்தது.

இனி நான் சொல்வதைக் கேள். கேபிளைச் செருகினேன். லேப்டாப்பில் படித்துக் காட்டும் மென்பொருளை ஓடவிட்டேன். மிஷின் ஒரு வரி எழுத எழுத, அது என் காதில் படித்துக்கொண்டே வந்தது. எல்லாம் வெறும் எழுத்து. படம் இல்லை, நிறம் இல்லை, சுட்டியை நகர்த்தும் வேலை இல்லை. ஹிபா, அந்த மிஷினுக்குத் திரையே கிடையாதாமே? செய்தவர்களே அதற்குத் திரை வைக்கவில்லையாமே?

ஏப்ரலில் நான் உன்னிடம் என்ன கேட்டேன்? நீ போகும் முன் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடு, எனக்குக் கற்றுக்கொடு என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்குக்கா கஷ்டம்" என்றாய். சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் என்றால் டிவி என்று நினைக்கிற காளிச்சாமி கையில் சீட்டைக் கொடுத்தாய். பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பஸ் ஸ்டாண்டில் நான் சத்தம் போட்டது நீ ஊரைவிட்டுப் போகிறாய் என்று இல்லை. இதற்குத்தான்.

கடைசி ஐம்பது வரிகள் இணைப்பில் உள்ளன. சுருக்கமாகச் சொன்னால், டிஸ்குகள் எதுவும் அகப்படவில்லை என்கிறது, கெர்னல் பதறி நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது.

அன்புச்செல்வி


தைபே
19 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் மேல் பாதியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் கீழ் பாதிக்கு வருகிறேன். கோழைத்தனம்தான்.

நான்கு டிஸ்கும் ஒரே நேரத்தில் காணாமல் போகாது. அப்படியென்றால் அவற்றை போர்டோடு இணைக்கும் பகுதி மின்னழுத்தத்தில் அடிபட்டிருக்க வேண்டும். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களிடமும் காட்டினேன். கரண்ட் அடித்து யு.பி.எஸ்ஸே விழுந்தது என்று சொன்னதும் எல்லோரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள்.

ஒரு வழி பாக்கி இருக்கிறது. போர்டைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பிவிடலாம். உள்ளே ஒரு சின்ன சுவிட்சை நகர்த்திப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். அடி லேசானது என்றால் டிஸ்குகள் மறுபடி தெரியும். ஆனால் அந்தச் சுவிட்ச் பூட்டின் சாவியையும் சேர்த்து அழித்துவிடும். சாவியின் நகலை ஒரு பென் டிரைவில் வைத்தேன் என்றுதான் நினைவு. எங்கே என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் மூவாயிரத்து நூறு மணி நேரமும் போய்விடும். மிஷின் மட்டும் பிழைக்கும்.

தேதி முப்பத்தொன்றை நெருங்குகிறது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. செய்வதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்துங்கள் அக்கா. அன்று கரண்ட் போனபோது சரியாக என்ன நடந்தது? விளக்கு மின்னியதா, ஏதாவது வாசனை வந்ததா, பள்ளியில் வேறு எதுவும் கெட்டுப்போனதா? ஞாபகம் இருக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். அதை வைத்துத்தான் சுவிட்சைத் தொடலாமா என்று சொல்ல முடியும்.

நாளை தீபாவளி. பிள்ளைகளுக்கு என் வாழ்த்து.

ஹிபா


அவிநாசி
21 அக்டோபர் 2025

ஹிபா,

சுவிட்சைத் தொடவில்லை. தொட மாட்டேன். காரணம் எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதிவிட்டால்தான் உண்டு.

அன்றைக்குக் கரண்ட் போகவில்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. காளிச்சாமி காலையிலிருந்து பிரெயில் டைப்ரைட்டர், தண்ணீர் மோட்டார், தன் சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்து சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். மிஷின் இருக்கும் அறைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "டீச்சரம்மா, போன வருசம் ஹிபா அம்மணி வாசல்லயே நின்னுக்கிட்டு, பொட்டு வெய்யுங்க, அணைக்க மட்டும் படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. மில்லுல ஓடற மிஷினுக்கே இன்னிக்கு ஓய்வுங்க. இது ஒண்ணு மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார்.

நான் போய் பட்டனை அழுத்தினேன். என் விரலால்தான். விசிறிகள் மெதுவாக, ஒழுங்காக அடங்கின. பாதி அந்த மிஷின் மேல் இரக்கம். மீதி உன் மேல் கோபம். நீ அணைக்காதே என்றாய் என்பதற்காகவே அணைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே என்று பன்னிரண்டாம் வகுப்பு பிரீத்திகாவைக் கூப்பிட்டு பட்டனை அழுத்தச் சொன்னேன். அப்போதிலிருந்து இப்படி. நீ சிரிப்பாய், 'கண்ணு தெரியாத டீச்சர் கெடுத்துவிட்டாள்' என்று எல்லோரும் சொல்வார்கள் என்று பயந்தேன். கரண்ட் மேல் பழியைப் போட்டேன்.

இன்று காலை பிரீத்திகா வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். "மிஸ், நான் கொஞ்சம் பலமா அமுத்திப்போட்டனாங்க?" என்று கேட்டாள். இருபது நாளாக அவள் லேப் பக்கமே வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்குப் பொய் சொல்ல அத்தனை நாளும் வெட்கமாக இல்லை. அப்போது வெட்கமாக இருந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அடுத்தது உனக்கு.

இரண்டு வாரம் உன்னை வேறு பக்கம் ஓடவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அன்புச்செல்வி


தைபே
21 அக்டோபர் 2025, மாலை

அக்கா,

கரண்ட் போகவில்லை! அல்ஹம்துலில்லாஹ், கரண்ட் போகவில்லை!

நான் கோபப்படுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் பயந்து என்னவென்று கேட்டார். எங்கள் ஊரில் மிஷினுக்கு ஒரு நாள் லீவு விட்டோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கேளுங்கள். ஒழுங்காக அணைத்த போர்டு அடிபட்டிருக்க வாய்ப்பில்லை. டிஸ்குகள் போகவில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று கெர்னலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சாதாரண கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று மிஷினே சொல்லிவிடும். இந்த போர்டு சொல்லாது. அதற்கு ஒரு வரைபடக் கோப்பு வேண்டும். அதை நானே கையால் எழுதி, அப்போதிருந்த கெர்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். போன வருடம் ஆகஸ்ட் பதினைந்து. அதன்பின் மிஷினை நாம் ஒருமுறைகூட அணைக்கவில்லை. எண்ணிப் பாருங்கள், ஆயுத பூஜை வரை நானூற்றுப் பன்னிரண்டு நாள். அதைப் பெருமையாக வேறு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் கிளம்பும் அன்று, மிஷின் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டுப் போனேன். அது சொன்னபடியே புதுக் கெர்னலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. என் வரைபடம் அதற்கு இல்லை. பழையது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் அணைத்துப் போட்டதும் புதியது எழுந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றுவிட்டது. நீங்கள் அணைக்காவிட்டாலும் ஒருநாள் இது நடந்திருக்கும். மார்ச் மாதம், பொதுத்தேர்வுக்கு நடுவில் நடந்திருக்கலாம்.

ஏன் தானியங்கியாக அமைத்தேன் தெரியுமா? பள்ளியில் கையால் புதுப்பிக்க ஆள் இல்லை என்று நினைத்தேன். ஆள் என் எதிரிலேயே நின்று, கற்றுக்கொடு என்று கேட்டார். 'அவருக்கு எதுக்குக் கஷ்டம்' என்றுதான் எனக்குத் தோன்றியது. மிஷினைக் கெடுத்தது உங்கள் விரல் இல்லை அக்கா, என் நினைப்பு. உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று உங்களையே ஒதுக்கிவைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இதை ஏப்ரலில் பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. கத்தல் இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு மெனு வரும். ஐந்து விநாடிதான் நிற்கும். அதற்குள் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் அந்த விநாடிக் கணக்கு நின்றுவிடும். மூன்றாவது வரி பழைய கெர்னல். அது கடவுச்சொல் கேட்கும். சீட்டு காளிச்சாமி அண்ணாவிடம். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து செய்யவேண்டிய கட்டளைகளை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எதற்கு என்றும் எழுதியிருக்கிறேன்.

ஹிபா


அவிநாசி
25 அக்டோபர் 2025

ஹிபா கண்ணு,

காளிச்சாமி உன் கடிதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "யாருக்கும் சொல்லப்படாதுன்னு அம்மணி சொல்லீட்டுப் போனாங்க. கடுதாசியை நீங்களே எழுதிப் படிச்சா எனக்கு எப்படீங்க தெரியும்?" என்கிறார். கடைசியில் உன் அம்மாவுக்குப் போன் போட்டு, "காளிச்சாமி, குடுத்துருங்க" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அசைந்தார். சீட்டை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு. இரண்டு எழுத்து மறைந்துபோய், ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருந்தது. பிரீத்திகாவை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, பதினாறு எழுத்தையும் ஒவ்வொன்றாக என் காதில் சொன்னார்.

உன் மெனு ஒரு தொல்லை. அதைச் சுற்றிப் போட்டிருக்கும் கோடுகளை எல்லாம் என் மென்பொருள் "கோடு, கோடு, கோடு" என்று படித்து முடிப்பதற்குள் ஐந்து விநாடி போய்விடுகிறது. நான்கு முறை தவறவிட்டேன். ஐந்தாவது முறை மென்பொருளை வாய் மூடச் சொன்னேன். விசிறி இறங்கியதிலிருந்து மூன்று எண்ணினேன். கீழ் அம்பு இரண்டு முறை. என்டர். பிறகு சத்தத்தைத் திறந்தால், பயனர் பெயர் கேட்டுக்கொண்டு நின்றது.

பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தேன். நாற்பத்தொன்று வந்தது. 'டிக்' கேட்கவில்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று டிஸ்குகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தன. நான் அழுதுவிட்டேன். எழுதுவதில் வெட்கம் இல்லை.

உன் கட்டளைகளைச் செய்தேன். வரைபடத்தைப் புதுக் கெர்னலுக்கும் வைத்தேன். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தினேன். செயலாளரிடம் இரண்டு வெளி டிஸ்க் வாங்கி வரச் சொல்லி, பிரதி எடுக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு, நீ சொல்லாத ஒன்றையும் செய்தேன். மிஷினை மறுபடி அணைத்தேன். பிரீத்திகாவைக் கூப்பிட்டேன். "பலமா அமுத்து" என்றேன். அதன்பின் யாரும் எந்த விசையையும் தொடவில்லை. அதுவாகவே எழுந்தது.

அவள் முதலில் கேட்டது பிளஸ் டூ வரலாறு, நீ வாசித்த நான்காம் பாடம். நடுவில் ஓரிடத்தில் உன் அம்மா, "ஹிபா, டீ ஆறுது கண்ணு" என்று கூப்பிடுவதும், நீ "இரும்மா, ரெண்டே ரெண்டு பக்கம்" என்று சொல்வதும் அப்படியே பதிவாகியிருக்கிறதே, நீ வெட்ட மறந்த இடம். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். இருபத்து மூன்று பேரும் சேர்ந்து சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அதைத் திருத்திவிடாதே என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்கள்.

இனி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இந்த மிஷினை அணைப்போம். விஜயதசமிக்கு எழுப்புவோம். எழாவிட்டால் ஏன் என்று பார்க்க இரண்டு மாதம் கையில் இருக்கும். காளிச்சாமியிடம் இது அவர் யோசனை என்று சொல்லியிருக்கிறேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறாராம், பிரீத்திகாவிடம் யாரோ சொன்னார்களாம்.

நீ எழுதிக் கொடுத்த கட்டளைகளில் ஏழாவது, கடவுச்சொல்லை மாற்றுவது. மாற்றிவிட்டேன். புதுசு என்னவென்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. உனக்கு எதுக்குக் கண்ணு கஷ்டம்?

தெரிந்தே ஆகவேண்டும் என்றால் போன் பண்ணு. நாளை ஞாயிறு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன்,
அன்பு அக்கா